மைனரின் சொத்தைப் பெற்றோரே விற்றுவிட்டால்: சட்டம் தரும் வழிகளில் எதைத் தேர்வது?

தந்தை இறந்தபின் அவர் பெயரிலிருந்த வீட்டில் பிள்ளைக்குக் கிடைத்த பங்கைத் தாய் விற்றுவிடுகிறார். அல்லது, தாய்வழிப் பாட்டி பேத்திக்கு உயில் எழுதிவைத்த மனையைத் தந்தை தன் தொழில் கடனுக்கு அடமானம் வைக்கிறார். செய்தி உறவினர் காதுக்கு எட்டும்போது, ஒருவர் காவல் நிலையத்துக்குப் போகலாம் என்கிறார், இன்னொருவர் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போடலாம் என்கிறார், விவரம் தெரிந்த மூன்றாமவர் கார்டியன் (காப்பாளர்) மனு போடச் சொல்கிறார். மூன்றும் இந்தியச் சட்டத்தில் உள்ள வழிகள்தான். ஆனால் எது பொருந்தும் என்பதை நடந்த தவறின் கொடுமை தீர்மானிப்பதில்லை. பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்துவிட்டதா, சொத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறதா, போனது நிலமா பணமா என்ற மூன்று கேள்விகளுக்கான விடைகளே அதைத் தீர்மானிக்கின்றன. கீழே வருவது பெரும்பாலும் இந்துக் குடும்பங்களுக்குப் பொருந்தும் சட்டம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு எங்கே மாறுகிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு தந்தையை இயற்கைக் காப்பாளராகவும், அவருக்குப் பின் தாயையும் குறிப்பிடுகிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் ரிசர்வ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், தந்தை உயிரோடு இருந்தாலும் பிள்ளையின் நலனில் அக்கறையற்று ஒதுங்கியிருந்தால் தாயே காப்பாளராகச் செயல்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 1999இல் விளக்கம் தந்தது. ஆக, இருவரில் யார் காப்பாளராக இருந்தாலும், அவர்களது அதிகாரத்துக்கு அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு எல்லை வகுத்திருக்கிறது. மைனரின் அசையாச் சொத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானமாகவோ பரிவர்த்தனையாகவோ கொடுக்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ, மைனர் வயதுக்கு வந்த நாளிலிருந்து ஓராண்டைத் தாண்டும் குத்தகை எழுதவோ நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அவசியத் தேவை அல்லது மைனருக்கு வெளிப்படையான நன்மை என்ற இரண்டு காரணங்களுக்கு அன்றி அந்த அனுமதியை நீதிமன்றம் வழங்கக் கூடாது. அனுமதியில்லாமல் எழுதப்பட்ட பத்திரம் பிறந்த நொடியிலேயே செத்ததாகிவிடாது. மைனரோ அவர் வழி உரிமை கோருபவரோ மறுத்தால்தான் அது விழும். பின்னால் வரும் காலக்கெடுச் சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு அம்சத்திலிருந்து கிளைப்பவை.

எந்த வழியையும் தேர்வதற்கு முன், சொத்து எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். தந்தை சுயமாகச் சம்பாதித்த வீட்டை உயில் எழுதாமல் விட்டு இறந்தால், மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் ஆகியோருக்கு அது சமபங்காகப் போகிறது. அதில் மைனரின் பங்கு அவருக்கே உரிய தனிப் பங்கு என்பதால், மேலே சொன்ன அனுமதி விதி முழுமையாகப் பொருந்தும். பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மைனருக்குள்ள பிரிக்கப்படாத உரிமை அப்படியல்ல. அதைக் குடும்பத் தலைவர் குடும்பத் தேவைக்காக விற்றால் 8ஆம் பிரிவின் அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்த்துவிட்டது. அத்தகைய விற்பனையைத் தாக்குவதென்றால், அனுமதி பெறவில்லை என்ற வாதம் உதவாது. குடும்பத் தேவையே இருக்கவில்லை என்ற வாதம்தான் வேண்டும். தாய்ப்பத்திரத்தைப் படிக்காமலேயே அனுமதி இல்லாத விற்பனை என்று வழக்கைத் தொடங்கி, எதிர்த்தரப்பு அது பூர்வீகம் என்று நிரூபித்ததும் வழக்கு சரிந்துவிடுவது நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல.

பிள்ளை இன்னும் மைனராக இருந்து, சொத்தில் ஒரு பகுதியாவது மிச்சமிருந்தால், என் மதிப்பீட்டில் முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம்; போட வேண்டியது 1890ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின் கீழான மனு. பாட்டி, மாமா, சித்தப்பா என உறவினர் யாரும் இதைத் தாக்கல் செய்யலாம். மைனரின் நலம் விரும்பும் நண்பரும் செய்யலாம். மாவட்ட ஆட்சியருக்கும் சட்டம் அந்த உரிமையைத் தந்திருக்கிறது. மனு விசாரணையில் இருக்கும்போதே சொத்தைப் பாதுகாக்க இடைக்கால உத்தரவு போட 12ஆம் பிரிவு இடம் தருகிறது. இறுதியில் நீதிமன்றம் வேறொருவரைச் சொத்துக்குக் காப்பாளராக நியமித்தால், இயற்கைக் காப்பாளர் அந்தப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டதாகவே 7ஆம் பிரிவின்படி பொருள். தனியாக ஒரு நீக்க உத்தரவு வேண்டியதில்லை. புதிய காப்பாளரிடம் நீதிமன்றம் பிணைப்பத்திரம் வாங்கலாம், சொத்துப் பட்டியலை ஆறு மாதத்துக்குள் தரச் சொல்லலாம், காலாகாலத்தில் கணக்குக் கேட்கலாம். கணக்கும் பிணையும் இல்லாமல் சொத்து கைக்கு வந்ததால்தானே பெற்றவரால் அதை இஷ்டப்படி கையாள முடிந்தது.

இந்த வழியைக் குடும்பங்கள் தவிர்ப்பதற்கு ஒரு தவறான அச்சம் காரணமாக இருக்கிறது. மனு போட்டால் பிள்ளையைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பிரித்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். பிள்ளையின் உடலுக்குக் காப்பாளர், சொத்துக்குக் காப்பாளர் என்று சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. தகுதியுள்ள தந்தையோ தாயோ உயிரோடு இருக்கையில் வேறொருவரை நியமிக்கக் கூடாது என்ற 19ஆம் பிரிவின் தடை, பிள்ளையை வளர்க்கும் பொறுப்பைப் பற்றியது மட்டுமே. பிள்ளை தாயிடமே வளரட்டும், மனையும் வைப்புத்தொகையும் மட்டும் பெரியப்பாவின் பொறுப்பில், நீதிமன்றத்தின் கண்காணிப்பில் இருக்கட்டும் என்று கேட்பது முற்றிலும் சரியான கோரிக்கை. இப்படிக் கேட்கும் மனுவுக்கு எதிர்ப்பும் குறைவாகவே இருக்கும். பிள்ளை யாரிடம் வளர்வது என்ற சண்டையையும் இதில் சேர்த்துவிட்டால், குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊரில் அதிகார வரம்புக் கேள்வி எழும். சொத்து விஷயமும் அதோடு இழுபடும்.

இந்த மனுவின் குறை, ஏற்கெனவே விற்கப்பட்டதை அது திருப்பித் தராது என்பதே. அதற்கு உரிமையியல் வழக்குதான் வழி. பிள்ளை மைனராக இருக்கும்போதே, அவருக்கு எதிரான நலன் எதுவும் இல்லாத ஒரு பெரியவர், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளையின்படி பிள்ளையின் பெயரில் வழக்கைத் தொடுக்கலாம். பத்திரத்தை ரத்து செய்யக் கோரலாம், சுவாதீனத்தை, அதாவது சொத்தின் நேரடி அனுபவத்தை, திரும்பக் கேட்கலாம், வாங்கியவர் மேலும் கைமாற்றாமல் இருக்க இடைக்காலத் தடை வாங்கலாம். பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்தபின் அவரே தொடுக்கலாம். இரண்டில் எது நல்லது என்று கேட்டால், பெரியவர் ஒருவர் முன்வரும் நிலையில் இப்போதே தொடுப்பது நல்லது என்பேன். வாங்கியவர் மனையில் மாடி எழுப்பி, அதை இன்னொருவருக்கு விற்று, அந்த இன்னொருவர் வங்கியில் கடன் வாங்கியபின் வழக்குத் தொடுத்தால், எதிரிகளின் எண்ணிக்கை கூடுவதோடு, கட்டடத்துக்கு ஈடு கேட்கும் வாதமும் சேர்ந்துகொள்ளும்.

காலக்கெடுவில் தோற்ற வழக்குகளைப் படித்தால், நியாயம் வாதியின் பக்கம் இருந்தும் தேதி அவர் பக்கம் இல்லாததையே பெரும்பாலும் காண்கிறோம். காப்பாளர் செய்த உரிமை மாற்றத்தை ரத்து செய்ய, வயதுக்கு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் 60ஆம் இனம் சொல்கிறது. 2005 ஜூன் 10 அன்று பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2023 ஜூன் 10 அன்று அவர் மேஜராகிறார். 2026 ஜூன் 10ஐ நெருங்க விடாமல் வழக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அவருக்கு ஏழு வயதில் நடந்த விற்பனையாக இருந்தாலும், பதினேழில் நடந்ததாக இருந்தாலும் இதே கணக்குதான். நீதிமன்றம் காப்பாளரை நியமித்திருந்தால் இருபத்தொரு வயதுவரை மைனர் என்ற பழைய விதி 1999இல் நீக்கப்பட்டது. இன்றும் சிலர் அதை நம்பி மூன்று ஆண்டைத் தவறவிடும் ஆபத்து இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

தேதிக்கு அடுத்தபடியாகக் கவனம் வேண்டியது, வழக்கில் என்ன கேட்கிறோம் என்பதில். 2001இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கில், தாய் விற்ற நிலத்தின் சுவாதீனத்தை மட்டும் பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். பத்திரத்தை ரத்து செய்யும் கோரிக்கையைத் திருத்தமாகச் சேர்த்தபோது மூன்று ஆண்டு கடந்திருந்தது. வழக்கு தோற்றது. 2019இல் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கிலும், தந்தை அனுமதியின்றி விற்ற பத்திரம் தானாகச் செல்லாததாகிவிடாது, காலத்துக்குள் அதை ரத்து செய்திருக்க வேண்டும் என்றே தீர்ப்பு வந்தது. 2025 அக்டோபரில் கர்நாடக வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சற்றே வேறு கோணத்தில் பார்த்தது. வயதுக்கு வந்த பிள்ளைகள் வழக்குத் தொடுக்காமல், தந்தை விற்றிருந்த மனைகளைத் தாங்களே வேறொருவருக்கு விற்றிருந்தார்கள். அத்தகைய தெளிவான நடத்தையும் முந்தைய விற்பனையை மறுத்ததாகவே கொள்ளப்படும் என்று அது சொன்னது. இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு வழக்கே வேண்டாம் என்று முடிவெடுப்பது சரியாகாது. சுவாதீனம் உங்களிடம் இருந்து, வருவாய்ப் பதிவுகளும் உங்கள் பெயரிலேயே தொடர்ந்தால் அது உதவும். வாங்கியவர் வீடு கட்டிக் குடியிருக்கும் இடத்தில், ரத்து கோரும் வழக்கே பாதுகாப்பான வழி.

இந்த மூன்றாண்டுக் கணக்கு பொருந்தாத நிலைமைகளும் உண்டு. பத்திரத்தில் மைனர் ஒரு தரப்பாகவே காட்டப்படாமல், தாயோ தந்தையோ தாமே முழு உரிமையாளர் என்று எழுதி விற்றிருந்தால், அது காப்பாளர் செய்த உரிமை மாற்றம் அன்று. மைனரின் பங்கைப் பொறுத்தவரை விற்றவருக்கு விற்க உரிமையே இல்லை என்று வாதிடலாம். காப்பாளராக இல்லாத அண்ணனோ தாத்தாவோ விற்றிருந்தாலும், 1956 சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி அவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. இவ்விரு நிலைமைகளிலும் சுவாதீனம் கோர நீண்ட காலம் கிடைக்கக்கூடும். ஆனால் பத்திரத்தின் வாசகத்தை நீதிபதி எப்படிப் படிப்பார் என்பது முன்கூட்டித் தெரியாது என்பதால், நீண்ட கெடு இருக்கிறது என்று நம்பியிருப்பதைவிட மூன்று ஆண்டுக்குள் போவதே மேல்.

பத்திரத்தின் வாசகத்தை நெருங்கிப் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. கார்டியன் எழுதிக்கொடுக்கும் கிரையப் பத்திரங்களில் 'மைனரின் கல்விச் செலவுக்காகவும், போஷணைக்காகவும், குடும்பக் கடனைத் தீர்க்கும் பொருட்டும்' என்ற வரி ஏறக்குறைய அச்சடித்ததுபோல் இருக்கும். எழுதுபவர் வழக்கமாகச் சேர்க்கும் வரி அது; வரி இருப்பதாலேயே தேவை இருந்ததாகிவிடாது. பத்திரத் தேதியில் பிள்ளை அரசுப் பள்ளியில் கட்டணமின்றிப் படித்தாரா, விற்ற மாதத்தில் பெற்றவர் பெயரில் கார் வாங்கப்பட்டதா, தீர்ந்த கடன் குடும்பத்துடையதா அவருடைய சொந்தக் கடனா என்பதெல்லாம் பள்ளிச் சான்றுகளிலும் வங்கிக் கணக்கிலும் தெரிந்துவிடும். மறுபக்கமும் உண்டு. விற்ற பணத்தில் ஒரு பகுதி உண்மையிலேயே பிள்ளையின் சிகிச்சைக்கோ படிப்புக்கோ போயிருந்தால், பத்திரத்தை ரத்து செய்யும்போது அந்தப் பயனைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லக் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. அந்தத் தொகையை முன்பே கணக்கிட்டுப் பார்க்காதவர்களுக்கு, வென்ற வழக்கும் செலவாகவே முடியும்.

போனது நிலமாக இல்லாமல் பணமாகவோ நகையாகவோ இருந்தால் ஒப்பீடே மாறிவிடுகிறது. நகையை விற்கவும் வைப்புத்தொகையை முன்கூட்டியே முறிக்கவும் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 8ஆம் பிரிவு சொல்லவில்லை. பிள்ளையின் நன்மைக்காக மட்டுமே செய்ய வேண்டும் என்ற பொதுக் கடமைதான் இருக்கிறது. ஆகவே ரத்து செய்ய ஒரு பத்திரம் இல்லை. கணக்குக் கேட்டு, குறைந்ததைத் திருப்பித் தரச் சொல்லும் வழக்குதான் வழி. காப்பாளர் நம்பிக்கைப் பொறுப்பில் இருப்பவர் என்பதும், அந்தப் பொறுப்பைத் தன் லாபத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் 1890 சட்டத்தின் 20ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டம் தெளிவாக இருந்தாலும் நிரூபணம் கடினம். பெற்றவரிடம் செலவழிந்துபோன பணத்தை வசூலிப்பது, தீர்ப்பு வாங்குவதைவிடக் கடினம். எனவே பண விஷயத்தில் தடுப்புக்கே முதலிடம். வாரிசுரிமைச் சான்று கேட்டு நீதிமன்றம் போகும்போதோ, விபத்து இழப்பீடு வழங்கப்படும்போதோ, மைனரின் பங்கைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பதினெட்டு வயதுவரை வைப்பில் இடுமாறும், வட்டியை மட்டும் எடுக்க அனுமதிக்குமாறும் கேட்டு உத்தரவு வாங்கிவிட்டால், பின்னால் எழும் சண்டைகளில் பாதி எழவே எழாது. உயில் எழுதும் தாத்தா பாட்டிகள் பெற்றோரை நம்பவில்லையென்றால், சொத்தை நேராகப் பேரனுக்கு எழுதாமல், வேறொருவரை அறங்காவலராக்கி அறக்கட்டளையாகவே எழுதிவைப்பது இன்னும் உறுதியானது.

குற்றவியல் புகாரைப் பற்றி எனக்கு உற்சாகம் குறைவு. நம்பிக்கை மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு ஐந்து ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. 2024 ஜூலை 1க்கு முன் நடந்ததற்குப் பழைய தண்டனைச் சட்டத்தின் 406ஆம் பிரிவில் மூன்று ஆண்டு. தண்டனை வந்தாலும் பத்திரம் ரத்தாகாது, பட்டா மாறாது. காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று சொல்லித் திருப்பியனுப்புவதும் வழக்கம். அதைவிட, சொந்தத் தாய்க்கோ தந்தைக்கோ எதிராகப் பிள்ளை சாட்சிக்கூண்டில் ஏற வேண்டிவரும் என்பதைப் புகார் எழுதும் சித்தப்பா நினைத்துப் பார்ப்பதில்லை. ஆயினும் இந்த வழி அவசியமாகும் சூழல்கள் இருக்கின்றன. வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று வாங்கும்போது மைனரின் பெயரையே மறைத்திருந்தால், மைனரை மேஜர் என்று காட்டப் பிறந்த தேதியைத் திருத்தியிருந்தால், கையெழுத்தைப் போலியாகப் போட்டிருந்தால், அது பொறுப்பில் நடந்த தவறு என்ற எல்லையைத் தாண்டிய குற்றம். அப்போதும் உரிமையியல் வழக்கோடு சேர்த்தே அதைக் கொண்டுபோக வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல.

பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பது செலவில்லாதது. பெற்றவர் தவறை ஒப்புக்கொண்டு மாற்றுச் சொத்து எழுதித் தர முன்வந்தால் அதைவிட நல்லது வேறில்லை. ஆனால் மைனர் தரப்பாக உள்ள வழக்கில் நீதிமன்றத்தின் அனுமதியில்லாமல் செய்யும் சமரசத்தை அந்த மைனர் பின்னால் மறுக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்கிய உடன்பாட்டை நம்பி மூன்றாண்டுக் கெடுவைக் கடத்திவிடக் கூடாது.

முஸ்லிம் குடும்பங்களில் தந்தைக்குப் பின் அவர் உயிலில் நியமித்தவர், தந்தைவழித் தாத்தா, அவர் நியமித்தவர் ஆகியோரே சொத்துக்குக் காப்பாளர்கள். தாய்க்கு அந்த இடம் இல்லாததால், மைனரின் அசையாச் சொத்தைத் தாய் விற்றது தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1918இல் ஆங்கிலேயர் கால உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தொடங்கி நீதிமன்றங்கள் சொல்லிவருகின்றன. அங்கே ரத்து வழக்கைவிட, உரிமை விளம்புகையும் (சொத்து தன்னுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பும்) சுவாதீனமும் கோரும் வழக்கு பொருந்தும். கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தனிக் காப்பாளர் சட்டம் இல்லை. 1890 சட்டமே வழி.

செலவைப் பொறுத்தவரை, பத்திர ரத்து வழக்கின் நீதிமன்றக் கட்டணம் சொத்தின் மதிப்பையொட்டி வரும். காப்பாளர் மனுவுக்கு அந்தச் சுமை இல்லை. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதால், மைனர் சார்பில் போகும் எவரும் மாவட்ட ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். போகும்முன் வில்லங்கச் சான்று, கிரையப் பத்திர நகல், பிறப்புச் சான்று, பிள்ளைக்கு உரிமை வந்த உயிலோ வாரிசுச் சான்றோ கையில் இருக்க வேண்டும்.

பதினெட்டு நிறைந்த கையோடு, வாங்கியவர் தரப்பிலிருந்து யாராவது வீடு தேடி வருவதுண்டு. ஒரு கையெழுத்துதான், சம்பிரதாயம்தான் என்று சொல்லி ஒப்புதல் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ நீட்டுவார்கள்; சில சமயம் அடுத்த கிரையத்தில் சாட்சியாக மட்டும் போடச் சொல்வார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் பெற்றவர் செய்த விற்பனையை அந்தப் பிள்ளை ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிட அந்தக் கையெழுத்தே போதும். அவர்கள் அதைத் தேடி வருவதே, பத்திரம் பலவீனமானது என்று அவர்களுடைய வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார் என்பதற்கு அடையாளம். வழக்குத் தொடுக்க மனமில்லாத பிள்ளையும், அந்தக் கையெழுத்துக்கு இன்றைய சந்தை மதிப்பில் தன் பங்கின் விலை என்ன என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டறிந்தபின் பேச்சைத் தொடங்கலாம்.